அட்டை மாப்பிள்ளை

எங்கள் அலுவலகத்தில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். முகம் கிடையாது, வாய் கிடையாது. கெட்டி அட்டையில் வெட்டிய ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால் ஒரு மனிதன் எவ்வளவு இடத்தை அடைப்பானோ, அதை வரைபடத்தின் அளவுக்குக் குறைத்து வெட்டியது. ஓர் அறையை வரைந்து முடித்ததும் அதன் வாசல் வழியாக மாப்பிள்ளையை விரலால் தள்ளிக்கொண்டு போவோம். உள்ளே திரும்ப முடிகிறதா, கதவைச் சாத்த முடிகிறதா, பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி இடிக்கிறதா என்று பார்ப்போம். அவர் நல்லபடியாகப் போய் வந்துவிட்டால் அறை பாஸ். எல்லாம் கணினிக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கத்தை நாங்கள் விடவில்லை. "மாப்பிள்ளை உள்ள போயிட்டாரா?" என்று நான் கேட்பேன். "போய் ஷூ லேஸ்கூட கட்டிட்டாரு சார்" என்பார் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன்.

அந்த மாப்பிள்ளை நான்தான். பல்கலைக்கழகத்தின் கட்டடப் பிரிவில் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், இதே டிராஃப்ட்ஸ்மேன் என்னைச் சுவரோரமாக நிறுத்தித் தோளை அளந்து வெட்டினார். அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதனால் அந்தப் பெயர். அதற்குப் பிறகு இந்த வளாகத்தில் எழுந்த அறையெல்லாம் என் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

புது விளையாட்டு வளாகத்தைத் திட்டமிடும் வேலை என் தலையில் விழுந்தது. ஓட்டப்பாதை, உள்ளரங்கம், உடற்பயிற்சிக் கூடம், வெதுவெதுப்பான தண்ணீரோடு ஒரு குளம். இதற்கு ஒரு கமிட்டி. கமிட்டியில் எல்லாரும் கனவோடு வருவார்கள், நான் மட்டும் நிலத்தோடு வருவேன். உடற்கல்வித் துறைத் தலைவரை எல்லாரும் கோச் என்றுதான் கூப்பிடுவோம். மைதானத்தில் கத்திக் கத்தி, தனியறையில்கூட மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர். மாணவர் நலனைப் பார்க்கும் டீன் அம்மா நேர் எதிர். முதல் கூட்டத்தில் அவர் பேசியது ஒரே ஒரு விஷயம். குளத்துக்குள் நடந்தே இறங்குகிற மாதிரி சரிவுப் பாதை வேண்டும், காலையில் ஊழியர்களையும் விட வேண்டும் என்றார். "ஏணி வெச்சா போதுமே மேடம், சரிவு வெச்சா இடம்தான் வீணாகும்" என்றேன். "இடம் வீணானா பரவாயில்ல" என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் சரிவுப் பாதையை வரைந்தேன். அதற்குப் பழிவாங்குவதுபோல, குளத்தை ஒட்டிய உடைமாற்றும் அறைகளைச் சுருக்கினேன். சுருக்கியதால் வரிசையில் கூடுதலாகச் சில அறைகள் கிடைத்தன. கமிட்டியில் அதற்குப் பாராட்டுகூட வந்தது.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளும் இதே பல்கலைக்கழகத்தில்தான், பரீட்சைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். எங்கள் கட்டடத்தில் கீழ்வீடு அவளுடையது, மாடி எங்களுடையது. அக்கா குண்டு. இதை நான் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். "நான் தனி ஆள் இல்லடா, ஒரு கூட்டம்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். சிரிக்காத ஒரே ஆள் அவளுடைய முட்டிதான். மாடிப்படி ஏறி எங்கள் வீட்டுக்கு வருவதை அவள் நிறுத்தி நாளாகிறது.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தினமும் தண்ணீருக்குள் நடந்தால் முட்டி பிழைக்கும். இல்லையென்றால் சீக்கிரமே சக்கர நாற்காலிதான். ஊரில் இருக்கிற ஒரே குளத்துக்கு ஏணிதான் உண்டு. அக்கா அங்கே ஒருமுறை போனாள். "இறங்கறதெல்லாம் நல்லாத்தான் இறங்கினேன். ஏறும்போதுதான் அந்த ஏணி ரொம்ப யோசிச்சுது" என்று வந்து சொன்னாள். எப்படி ஏறினாள், யார் கை கொடுத்தார்கள் என்பதைச் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வளாகத்துக் குளத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கடையில் அவள் அளவுக்குக் கிடைக்காது என்று தையல்காரரிடம் நீச்சல் உடை ஒன்றைத் தைத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்தாள். "சோஃபாவுக்கு உறையான்னு கேட்டாரு. ஆமாங்க, உக்காந்து உக்காந்து பழகின சோஃபான்னு சொல்லிட்டேன்" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாளாம்.

தினமும் காலையில் என் காரில்தான் வருவாள். முன் சீட்டில் உட்கார்ந்து, நான் வைத்த ரேடியோ ஸ்டேஷனை மாற்றி, நான் ஓட்டும் லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டே வருவாள். வளாகத்தின் பின்வாசலில் அவளை இறக்கிவிட்டு, நான் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போவேன். முதல் நாளே, "பின்வாசல்தான் உனக்கு வசதிக்கா" என்று சொன்னேன். என்னை ஒரு தடவை பார்த்தாள். "ஆமாமா" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பானேன். முன்வாசல் படிகளில் காலை நேரத்தில் தெரிந்தவர்கள் எல்லாரும் நிற்பார்கள். அக்கா காரிலிருந்து இறங்க நேரமாகும். கதவைப் பிடித்து, ஒவ்வொரு காலாக வெளியே வைத்து, மூச்சு வாங்கி எழ வேண்டும். வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நிமிரும். அதை அவர்கள் பார்க்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. அவளுடைய நன்மைக்காக என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அவள் என் அக்கா என்று வேலை செய்யுமிடத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, கேட்டால்தானே சொல்ல முடியும் என்று அதற்கும் ஒரு நியாயம் கைவசம் இருந்தது.

வரைபடத்தை மேலே அனுப்புவதற்கு முன்னால் நாங்கள் ஒரு ஒத்திகை பார்ப்போம். முக்கியமான இடங்களை மரச்சட்டமும் பிளைவுட்டும் வைத்து நிஜ அளவிலேயே செய்து, ஆட்களை நடக்கவிட்டுப் பார்ப்பது. பழைய பரீட்சை ஹாலில் அந்த மாதிரிகளை நிறுத்தியிருந்தோம். நுழையும் கேட், பெஞ்ச், அப்புறம் என் பெருமைக்குரிய உடைமாற்றும் அறை. ஊழியர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவித்திருந்தோம்.

முதலில் கோச் போனார். போனவர் தோளை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்து, "கொஞ்சம் டைட்டா இருக்கு சார்" என்றார்.

"வெயிட் தூக்கறதைக் குறைங்க கோச்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது.

அப்போதுதான் அக்கா ஹாலுக்குள் வந்து நிற்பதைப் பார்த்தேன். வரப்போவதாக என்னிடம் சொல்லியிருக்கவில்லை. விசேஷத்துக்குப் போவதுபோல நல்ல உடுப்பு உடுத்தி, தலையைப் படிய வாரி, பெரிய கைப்பையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கதவருகில் கொஞ்சம் நின்று முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். நான் கையிலிருந்த வரைபடத்தைப் பிரித்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"நானும் போய்ப் பாக்கலாமா மேடம்?" என்று டீன் அம்மாவிடம் கேட்டாள்.

"தாராளமா. அதுக்குத்தானே வெச்சிருக்கு."

உள்ளே போனாள். கதவு உள்பக்கமாகத் திறப்பது. அதைச் சாத்த வேண்டுமென்றால் ஆள் பின்சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மாப்பிள்ளை ஒட்டி நின்றார். அக்காவால் முடியவில்லை. கதவு அவள் மேல் இடித்தது. பெஞ்சுப் பக்கம் நகர்ந்தாள், முட்டி இடித்தது. மறுபக்கம் திரும்பினாள், பிளைவுட் சுவர் ஆடியது. டிராஃப்ட்ஸ்மேன் ஓடிப்போய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கதவுக்கு என்மேல பாசம் ஜாஸ்தி. கட்டிப் பிடிச்சா விடவே மாட்டேங்குது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சிரித்தார்கள். அது நல்ல சிரிப்புதான், இப்போது யோசித்தால் தெரிகிறது. அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் காது மடல் எரிந்தது. அந்தச் சிரிப்பு முழுவதும் என்னைப் பார்த்து வருவதாகத் தோன்றியது. மானம் போகிறதே என்று தோன்றியதே தவிர, யாருடைய மானம் என்று தோன்றவில்லை.

கோச் தன் மைதானக் குரலில், "சார், கதவை வெளிப்பக்கமா திறக்கற மாதிரி வெச்சு, அறையையும் கொஞ்சம் பெருசாக்கிட்டா என்ன?" என்றார்.

"ஒவ்வொருத்தரையும் பாத்துப் பாத்துக் கட்ட முடியாது கோச்" என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பரீட்சைப் பிரிவிலேருந்து யாரோ வந்திருக்காங்க. அவங்களால கதவைச் சாத்த முடியலைங்கறதுக்காக டிசைனையே மாத்தறதா? சராசரி உடம்புக்குத்தான் நாம கட்டறோம். மத்தவங்க உடம்பைக் குறைச்சுக்கிட்டு வரட்டும். ஜிம் வெச்சிருக்கறதே அதுக்குத்தானே."

ஹால் அமைதியானது. கோச் வாயை மூடிக்கொண்டார். டீன் அம்மா என்னையே பார்த்தார். டிராஃப்ட்ஸ்மேன் பிளைவுட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். என் வாதம் எடுபட்டுவிட்டது, அதனால்தான் யாருக்கும் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்கா ஒருக்களித்து வெளியே வந்தாள். கைப்பை வார் தாழ்ப்பாளில் மாட்டிக்கொண்டது. டிராஃப்ட்ஸ்மேன் அதை எடுத்துவிடும்வரை எல்லார் முன்னாலும் அப்படியே நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார் சொல்றது சரிதான் மேடம். ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?" என்று டீன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே மெதுவாக நடந்து போனாள்.

அந்த சார் நான். பேசப் பழகிய நாளிலிருந்து என்னை டேய் என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவள். நான் மறைத்ததை அவளும் சேர்ந்து மறைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்து கேட்டைப் பார்க்கலாம் என்று சொல்லி ஒத்திகையைத் தொடர்ந்து நடத்தினேன்.

மாலையில் பின்வாசலில் அவள் இல்லை. பிரிவில் வேலை இருக்கிறது, நீ போ என்று போனில் ஒரு வரி அனுப்பியிருந்தாள். மறுநாள் காலை நான் கீழே இறங்கி வந்தபோது அவள் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"அண்ணி இனிமே பஸ்லதான் போவாங்களாம்" என்றாள் என் மனைவி. "உங்களுக்குக் காலையில மீட்டிங் இருக்காம். அவங்களுக்காக நீங்க லேட்டாகக் கூடாதாம்."

எனக்கு எந்த மீட்டிங்கும் இல்லை. என் மனைவியிடம்கூட என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டிருந்தாள்.

"இன்னொண்ணு. அந்த நீச்சல் டிரஸ்ஸை என்கிட்ட குடுத்துட்டாங்க. துணி நல்ல துணி, கிழிச்சு எதுக்காவது வெச்சுக்கோன்னு சொன்னாங்க. எவ்வளவு ஆசையா தைச்சாங்க. என்னங்க ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அன்று மாலை கீழே போய்ப் பேசிவிடுவது என்று மாடிப்படி இறங்கினேன். அவள் வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் எதற்கோ சிரித்தார். அவளும் சிரிக்கிறாளா என்று காது கொடுத்துக் கேட்டேன், கேட்கவில்லை. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். என்ன சொல்வது? திருடன் மாதிரி சத்தம் போடாமல் மேலே ஏறி வந்தேன். தைரியமெல்லாம் கமிட்டியில் கத்துவதற்கு மட்டும்தான் போல.

அடுத்த நாள் வேலை முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு தனியாக ஹாலுக்குப் போனேன். அந்த அறைக்குள் நான் ஒருமுறைகூட நுழைந்து பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்காகத்தான் மாப்பிள்ளை போயிருந்தாரே. உள்ளே போய்ப் பின்சுவரோடு ஒட்டி நின்று கதவை இழுத்தேன். கதவு என் தொப்பையை உரசிக்கொண்டு வந்து நின்றது. மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் சாத்த முடிந்தது. அட்டை மாப்பிள்ளை அப்படியே இருக்கிறார், எனக்கு மட்டும் வயதாகிவிட்டது. மூச்சைப் பிடித்தபடி நின்றபோது, வெளியே யாரோ பெருக்கும் சத்தம் பக்கத்தில் நடப்பதுபோலக் கேட்டது. அவ்வளவு மெல்லிய சுவர். அன்றைக்கு நான் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அவள் தவறவிட்டிருக்க முடியாது. கூனிக் குறுகிப்போனேன். குறுகிய பிறகும் அந்த அறை எனக்குப் போதவில்லை.

வாயால் கேட்க முடியாத மன்னிப்பை வரைபடத்தில் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். கூடுதலாகக் கிடைத்த அறைகளை எடுத்துவிட்டு மற்றவற்றைப் பெரிதாக்கினேன். கதவை வெளிப்பக்கம் திருப்பினேன். பெஞ்சை அகலமாக்கி, பிடித்து எழ ஒரு கைப்பிடி வைத்தேன். "புதுசா ஒரு ஆளை வெட்டணும், கொஞ்சம் பெருசா" என்று டிராஃப்ட்ஸ்மேனிடம் சொன்னேன். அளவைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அட்டையை எடுத்து, வரைந்து, வெட்டி மேஜையில் வைத்தார். மாப்பிள்ளையை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

"இவங்களுக்கு என்ன பேரு வெக்கலாம் சார்?"

"பேரெல்லாம் எதுக்கு?"

அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஏதோ சொல்வேன் என்று எதிர்பார்த்ததுபோல இருந்தது. அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தன் இடத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாவது ஒத்திகைக்குப் புதிய அறை தயாரானது. பரீட்சைப் பிரிவுக்கு அழைப்பு அனுப்பினேன், நேரில் போகவில்லை. அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள், அக்கா வரவில்லை. கோச் உள்ளே போய்க் கையைக் காலை நீட்டிப் பார்த்து, "இப்ப மனுஷன் திரும்ப முடியுது" என்றார்.

டீன் அம்மாவுக்கு அது போதவில்லை. "அன்னைக்கு வந்தவங்க வந்து பாக்காம இதை எப்படி பாஸ் பண்றது? நீங்களே போய்க் கூப்பிடுங்க" என்றார். நீங்களே என்பதைச் சற்று அழுத்திச் சொன்னார்.

போனேன். இத்தனை வருடத்தில் பரீட்சைப் பிரிவுக்குள் நான் நுழைவது அதுதான் முதல்முறை. அக்காவின் மேஜை ஜன்னலோரம் இருந்தது. மேஜைக்கு மேலே சுவரில், புது விளையாட்டு வளாகத்தின் வண்ணப் படம் ஒட்டியிருந்தது. நாங்கள் எல்லாத் துறைக்கும் அனுப்பியது. அதில் குளத்து நீருக்குள் பேனாவால் ஒரு குண்டு உருவம் வரைந்திருந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அது யார் என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அக்கா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் அங்கே எல்லாரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதனால் யாரும் தலை தூக்கவில்லை.

"என்ன சார்?" என்றாள்.

"ஹாலுக்கு வரணும். அறையை மாத்தியாச்சு. கதவு இப்ப வெளிப்பக்கம் திறக்கும்."

"எனக்கு வேலை இருக்கு சார்."

"உனக்காகத்தான்க்கா மாத்தினேன்."

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்காகன்னா வேண்டாம். அந்த கோச் பாவம், அன்னைக்குத் தோளை ஒடுக்கிக்கிட்டு வெளிய வந்தாரு. அதையாவது நீ பாத்தியா? கிண்டல்தானே பண்ணினே?"

நின்றுகொண்டே இருந்தேன். அவளுக்கே பொறுக்கவில்லை போல, மேஜையைப் பிடித்து எழுந்தாள். கை நீட்டினேன். அவள் மேஜையையே பிடித்துக்கொண்டாள்.

ஹாலுக்குப் போகும் வழியில் பின்வாசல் தெரிந்தது. அங்கிருந்து அவள் பிரிவுக்கு வருவதற்கு ஒரு மேடு ஏற வேண்டும், பிறகு கைப்பிடி இல்லாத படிகள். முன்வாசலிலிருந்து வந்தால் படிகளை ஒட்டிச் சமதரையாகவே ஒரு வழி உண்டு, நடக்கிற தூரமும் குறைவு. இந்த வளாகத்தின் ஒவ்வொரு படியையும் வரைந்து வைத்திருப்பவன் நான். எனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்வேன்? மேட்டின் நடுவில் ஒரு மரம் இருந்தது, அதன் அடியில் ஒரு கல். "தினமும் இதுலதான் உக்காந்துட்டுப் போவேன்" என்று வழி காட்டுகிறவள்போலச் சாதாரணமாகச் சொன்னாள். அன்றும் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

ஹாலில் எல்லாரும் வழிவிட்டார்கள். அக்கா அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. பெஞ்சில் உட்காருகிற சத்தமும் கேட்டது. எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கினாற்போல இருந்தது. அந்த நிம்மதியில் எங்கிருந்தோ தைரியமும் வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்க, இந்தப் பக்கம் நான் எல்லாரையும் பார்த்துத் திரும்பினேன்.

"ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு யாரோன்னு சொன்னேன். இவங்க யாரோ இல்ல. என் கூடப் பொறந்த அக்கா."

அதிர்ச்சியை எதிர்பார்த்தேன். கோபமாவது வரும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், இவ்வளவு பேர் முன்னால் ஒத்துக்கொண்டானே என்று கொஞ்சம் மதிப்புகூட எதிர்பார்த்தேன். யாருடைய முகமும் மாறவில்லை. கோச் தன் ஷூவைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார் டீன் அம்மா.

"தெரியுமா?"

"குளத்துக்குச் சரிவு வேணும்னு என்கிட்ட முதல்ல வந்து கேட்டதே அவங்கதான். உங்க தம்பிகிட்ட நீங்களே சொல்லலாமேன்னேன். நான் சொன்னா அக்காவுக்காகச் செஞ்சான்னு அவன் பேருதான் கெடும், நீங்க கேக்கற மாதிரி கேளுங்க மேடம்னாங்க."

கோச்சுக்கு அன்று குரல் மெதுவாகத்தான் வந்தது. "எல்லாருக்குமே தெரியும் சார். என் தம்பிதான் கட்டறான், என் தம்பிதான் கட்டறான்னு அவங்க சொல்லாத ஆளே இங்க கிடையாது. அன்னைக்கு நீங்க அப்படிச் சொன்னப்போ எங்களுக்குத்தான் முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல."

டிராஃப்ட்ஸ்மேனைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். அளவு கேட்காமல் ஏன் வெட்டினார் என்று அப்போது புரிந்தது. அன்றைய அமைதியும் புரிந்தது. என் வாதத்தில் அடங்கிப் போனவர்கள் இல்லை அவர்கள். சொந்த அக்காவை யாரோ என்று ஒருவன் சொல்வதைக் கேட்டு, அவனுக்கும் சேர்த்து வெட்கப்பட்டு நின்றவர்கள். அதற்குப் பிறகும் தினமும் எனக்கு வணக்கம் சொல்லி, என்னோடு டீ குடித்து, தங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தத் தாழ்ப்பாளுக்கு உள்பக்கம் நான் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

அக்கா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். தாழ்ப்பாள் திறக்கவில்லை.

"உங்களுக்கு வசதியா இருக்காம்மா?" என்று டீன் அம்மா கதவருகில் போய்க் கேட்டார்.

"தாராளமா இருக்கு மேடம். நீங்கல்லாம் போங்க. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்."

ஒவ்வொருவராகப் போனார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். கதவின் அடியில் அவள் பாதம் மட்டும் தெரிந்தது. ஒரு செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முட்டி வலிக்கு அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"நீ?"

"இருக்கேன்க்கா."

"நீயும் போடா" என்றாள்.

போனேன். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. வேலை முடியும் நேரத்துக்கு முன்பே காரை எடுத்துவந்து முன்வாசல் படிகளுக்கு நேராக நிறுத்திவிட்டு, முன்பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நான் இங்கே நிற்கிறேன் என்று ஒரு வரி அனுப்பியிருந்தேன், அதற்கும் பதில் இல்லை. வேலை முடிந்து எல்லாரும் படியிறங்கினார்கள். என்னையும் திறந்திருந்த கதவையும் பார்த்தார்கள். யாருக்காக நிற்கிறேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கோச் போகிற போக்கில் என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அதற்கு அவர் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

கடைசியாக அக்கா படிகளை ஒட்டிய வழியாக வந்தாள். சமதரையில் அவளுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை என்பதைப் பார்த்தேன். முகம் கழுவியிருந்தாள். படியில் நின்றிருந்த இரண்டு பேரிடம் ஏதோ சொன்னாள், அவர்கள் சிரித்தார்கள். காருக்குப் பக்கத்தில் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அந்த டிரஸ்ஸை வீட்டுல இவ கிழிக்கல. பத்திரமா எடுத்து வெச்சிருக்கா. குளம் ரெடியானதும் வருவல்ல?"

"முதல்ல கட்டு" என்றாள். "அப்புறம் பாக்கலாம்."

நான் பிடித்துக்கொண்டிருந்த முன்கதவைத் தாண்டிப் போனாள். பின்கதவைத் தானே திறந்தாள். ஒரு கையால் கூரையைப் பிடித்து, மெதுவாக உடம்பை உள்ளே கொண்டுபோய், கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். படியில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

குனிந்து, "முன்னாடி உக்காருக்கா" என்றேன்.

"இல்லடா, பின்னாடிதான் எனக்கு வசதி" என்றாள்.

"ஆமாமா" என்றேன். முன்கதவைச் சாத்திவிட்டு, சுற்றி வந்து வண்டியை எடுத்தேன். வீடு வரும்வரை ரேடியோவை யாரும் மாற்றவில்லை.